பூஜையில் வைத்த கார்டு

நவராத்திரி ஒன்பது நாளும் சுண்டலுக்குக் கடலை ஊறப்போடுவது மஹாதேவனின் வேலை. ஓய்வு பெற்ற வருஷம் யாரும் சொல்லாமல் அவராகவே எடுத்துக்கொண்டது. கல் பொறுக்கி, தண்ணீரை மாற்றி மாற்றிக் களைந்து, பாத்திரத்தைத் தட்டால் மூடி, தட்டின்மேல் இஞ்சி நசுக்கும் சின்னக் குழவியைத் தூக்கி வைப்பார். கடலை எழுந்து ஓடிவிடாது என்று வசுமதி வருஷாவருஷம் சொல்வாள். அவரும் வருஷாவருஷம் குழவியை வைப்பார்.

2008 நவராத்திரியில், அஷ்டமி சாயங்காலம், கடலை களைந்த தண்ணீர் தெளிந்த பிறகும் அவர் மாற்றிக்கொண்டே இருந்தார். மறுநாள் சரஸ்வதி பூஜை. கொலுவுக்குப் பக்கத்தில் மணைபோட்டுப் புத்தகங்களை அடுக்கிவிட்டு அப்போதுதான் சமையலறைக்கு வந்திருந்தார். குழாயை மூடும்படி வசுமதி கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். அவர் ஏன் அப்படித் தண்ணீரை வீணடித்தார் என்பது அவளுக்கு மறுநாள்தான் தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் வசுமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வசுமதி கல்கத்தாவிலேயே பிறந்தவள். டல்ஹௌசியில் ஒரு பொதுத்துறை அலுவலகத்தில் பெரிய அதிகாரி ஒருவருக்கு பி.ஏ. சுருக்கெழுத்தும் டைப்ரைட்டருமாகச் சேர்ந்து, டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்து, அதிகாரிகள் பலர் மாறி, அவள் மட்டும் அதே ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மீன்காரரோடு பேசும் வங்க மொழியும் டைரக்டரோடு பேசும் வங்க மொழியும் வேறுவேறாக அவளுக்கு வரும். மீன் சாப்பிடாதவளுக்கு மீன்காரரோடு என்ன பேச்சு என்று கேட்கக்கூடாது. அவர் பெண்ணுக்கு வங்கியில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தவள் அவள்.

அதுதான் அவளுடைய பிராபல்யம். அந்த நாட்களில் வங்கியில் கணக்குத் தொடங்க வேண்டுமென்றால், அங்கே ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். திருச்சியிலிருந்தோ ஆவடியிலிருந்தோ மாற்றலாகி வந்து ஹௌராவில் இறங்கும் குடும்பத்துக்கு இந்த ஊரில் யாரைத் தெரியும்? லேக் மார்க்கெட்டில் தேங்காய் வாங்கும்போது பக்கத்தில் தமிழ்க் குரல் கேட்டால் விசாரிப்பார்கள். வசுமதி மாமியைப் போய்ப் பாருங்கள் என்று பதில் வரும். வருவார்கள். காப்பி குடிப்பார்கள். பையிலிருந்து படிவத்தை எடுப்பார்கள். வசுமதி ஆளைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டதில்லை; கையெழுத்துப் போட்ட பிறகு தெரிந்துகொள்வாள். அந்த வட்டாரத்துத் தமிழர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய கணக்கு எண் மனப்பாடம் என்று மஹாதேவன் கேலி செய்வார். அந்தக் கேலியில் பெருமையும் இருந்தது.

இராஜமாணிக்கமும் அப்படி வந்தவர்தான். துறைமுகத்தில் ஒரு காண்டிராக்டரிடம் மேற்பார்வையாளர். முதலில் கணக்குத் தொடங்க வந்தார். பிறகு கொலுவுக்கு மனைவியோடு வந்தார். 2001இல் ஒரு பழைய வேன் வாங்க வங்கிக் கடனுக்கு ஜாமீன் கேட்டு வந்தார். அறிமுகம் வேறு, ஜாமீன் வேறு என்பது வசுமதிக்குத் தெரியாமல் இல்லை. எத்தனையோ ஒப்பந்தங்களை டைப் அடித்த கை. ஆனால் கேட்டவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சமையலறையில் இவளுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படிப்பது மரியாதைக் குறைவாகப் பட்டது. “சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதாங்க” என்று இராஜமாணிக்கம் சொன்னார். போட்டாள்.

வேன் ஒரு வருஷம் ஓடியது. பிறகு அவர்கள் விசாகப்பட்டினம் போனதாகச் சொன்னார்கள். இராஜமாணிக்கம் ஏமாற்றிவிட்டார் என்று வசுமதி ஒரு நாளும் சொன்னதில்லை. “அவருக்கு முடியல” என்பாள். வங்கி அவளைத் தேடி வந்தது. சமரச முகாம் ஒன்றில் உட்கார்ந்து, சிரித்துப் பேசி, தலையை ஆட்டி, எழுந்து போவதுபோல் எழுந்து, பாதிக்குக் கொஞ்சம் மேலே கொடுத்துக் கணக்கை முடித்தாள். கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற மாதிரி வங்கியிடம் பேசிவிட்டாள் என்று மஹாதேவன் லேக் மார்க்கெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த விஷயம் அதோடு தீர்ந்தது என்று இருவரும் நினைத்தார்கள்.

2007இல் வீட்டுச் சொந்தக்காரர் காலமானார். அவருடைய பிள்ளைகள் கட்டடத்தை இடித்து ஃபிளாட் கட்ட ஒரு ப்ரோமோட்டருக்குக் கொடுத்தார்கள். வசுமதி கல்யாணமாகி வந்ததிலிருந்து வாடகைக்கு இருக்கும் மாடி அது. சிவப்பு சிமெண்டுத் தரை, பச்சை மரச் சட்டங்கள் வைத்த ஜன்னல். அடுத்த துர்கா பூஜை முடியும்வரை இருந்துகொள்ளலாம், அதற்குமேல் முடியாது என்று ப்ரோமோட்டர் ரசகுல்லாப் பானையோடு வந்து சொன்னார். பெஹாலாவில் இரண்டு அறை ஃபிளாட் ஒன்று பார்த்தார்கள். மஹாதேவன் வேலை பார்த்தது தனியார் கம்பெனி. வந்த சேமநல நிதியில் மகன் அனந்தின் படிப்பு போக மிஞ்சியது முன்பணத்துக்குத்தான் காணும். மீதிக்கு வசுமதியின் பெயரில்தான் கடன் வாங்க வேண்டும். அவளுக்கு ஓய்வுக்கு இன்னும் ஏழு வருஷம் இருந்தது. இப்போது வாங்காவிட்டால் எப்போதும் இல்லை.

வீட்டுக் கடன் மறுக்கப்பட்டது. ஏன் என்று கேட்கப் போன இடத்தில்தான் மிஸஸ் தத்தாவைப் பார்த்தாள். ராஷ்பிஹாரி அவென்யூவில் ஒரு தனியார் வங்கியில் கடன் பிரிவு. வசுமதியை விடப் பத்து வயது சின்னவள். எடுத்த எடுப்பில் “தீதி” என்று அக்கா முறை கொண்டாடினாள். எல்லோருடைய கடன் விவரங்களையும் மும்பையில் ஓர் இடத்தில் சேர்த்து வைக்கிறார்கள் என்றும், வசுமதியின் பெயருக்கு எதிரே ‘செட்டில்டு’ என்று இருக்கிறது என்றும் வங்க மொழியில் பொறுமையாகச் சொன்னாள். முடித்துவிட்டேன் என்றுதானே அதற்கு அர்த்தம் என்று வசுமதி கேட்டாள். இல்லை தீதி, குறைத்துக் கொடுத்து முடித்தீர்கள் என்று அர்த்தம், அதை எந்த வங்கியும் மறக்காது என்றாள் தத்தா.

அவள் பேரம் பேசி வாங்கிய அந்தத் தள்ளுபடிதான் அவள் பெயரில் விழுந்த கறை. வீட்டுக்கு வந்து சொன்னபோது மஹாதேவன் முதல் முறையாகக் கத்தரிக்காய்க் கதையை நிறுத்தினார்.

தத்தா வழியும் சொல்லியிருந்தாள். விட்டுப்போன மீதியைப் பழைய வங்கியில் கட்டிவிடுங்கள். பழைய வரி உடனே அழியாது. அதற்குமேல் நல்ல வரிகளாக எழுதிக்கொண்டு வர வேண்டும். ஒரு கிரெடிட் கார்டு எடுத்து, கொஞ்சமாகச் செலவழித்து, ஒவ்வொரு மாதமும் ஒரு நாள்கூடத் தவறாமல் முழுசாகக் கட்டுங்கள். ஒரு வருஷம் கழித்து வாருங்கள், உங்கள் ஃபைலை நானே மேலே அனுப்புகிறேன்.

கடனே வாங்காமல் இருப்பதுதான் நல்ல பெயர் என்று வளர்ந்தவளுக்கு, நல்ல பெயருக்காகக் கடன் வாங்க வேண்டும் என்பதை ஜீரணிக்க ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரத்தில் மஹாதேவன் காரியத்தைக் கெடுத்தார்.

அவர் கெடுக்க நினைக்கவில்லை. அவருடைய காலத்தில் வேலைக்கு மனுப் போடுவதென்றால் பத்து இடத்துக்குப் போட வேண்டும். ஒன்று தட்டினால் ஒன்று திறக்கும். புதிதாகத் திறந்த மால் வாசலில் டை கட்டிய பையன்கள் மேஜை போட்டுக்கொண்டு கார்டு விற்றார்கள். ஆயுள் முழுக்க இலவசம் என்றார்கள். மஹாதேவன் மூன்று மேஜைகளிலும் வசுமதி பெயருக்குப் படிவம் வாங்கி வந்து, ரேஷன் காகிதம் என்கிற மாதிரி அசட்டையாக நீட்டினார். அவள் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். ஒரு மேஜையில் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், ஒன்றில் தோள்பை, ஒன்றில் ஒன்றும் கொடுக்கவில்லை. மூன்றும் நிராகரிக்கப்பட்டன. ஒவ்வொரு நிராகரிப்புக்கும் முன்னால் மும்பையில் ஒருவர் அவள் கணக்கைத் திறந்து பார்த்தது, இன்னொரு வரியாகப் பதிவாகியிருந்தது.

“தீதி, பணத்துக்கு அலையறவங்க மாதிரி இருக்கு இதைப் பார்த்தா” என்றாள் தத்தா, கூச்சத்தோடு.

வசுமதி வீட்டுக்கு வந்து கடிகாரத்தைத் தூக்கி எறியவில்லை. சமையலறையில், அவர் கடலை களையும் இடத்துக்கு நேர் எதிரே மாட்டினாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

பெங்களூரில் வேலையாக இருந்த அனந்துக்கு விஷயம் போனது. அவன் தன் கார்டோடு சேர்த்து அம்மா பெயரில் ஒரு கூடுதல் கார்டு வாங்கிக் கூரியரில் அனுப்பினான். தங்க நிறம். பெயர் எழும்பிய எழுத்தில் இருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். எதிர்வீட்டு வங்காளி மாமி, முகர்ஜி மாஷிமாவிடம் காட்டிவிட்டுக்கூட வந்தாள். ஆனால் தத்தாவிடம் கேட்டபோது, அந்தக் கார்டில் வசுமதி எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் நல்ல பெயர் மகனுக்குத்தான் போகும் என்று தெரிந்தது. உங்கள் நிலைமைக்கு ஒரே வழி, எங்கள் வங்கியில் ஒரு டெபாசிட் போடுங்கள், அதைப் பிடித்து வைத்துக்கொண்டு அதன்பேரில் கார்டு தருவோம் என்றாள் தத்தா. வருஷக் கட்டணமும் உண்டு. தங்க நிறம் கிடையாது.

அனந்த் தொலைபேசியில் சிரித்தான்.

“அம்மா, உன் பணத்தை அவா கைல குடுத்துட்டு, அந்தப் பணத்தையே அவாகிட்ட கடன் வாங்கி, வாங்கினதுக்கு ஃபீஸும் குடுப்பியா? இதுல என்னம்மா லாஜிக்?”

“லாஜிக் ஒண்ணும் இல்லடா. உன் கார்டுல என் பேர் இருக்கு. ஆனா அது உன் பேர்.”

அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, அதற்குமேல் சிரிக்கவில்லை. தங்கக் கார்டு பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் போனது. வசுமதி பழைய வங்கியில் விட்டுப்போன மீதியைக் கட்டிவிட்டு, டெபாசிட்டுக்குப் பணம் எடுத்துக்கொண்டு ராஷ்பிஹாரிக்குப் போனாள்.

அங்கே ஒரு வேடிக்கை. டெபாசிட்டோடு ஒரு சேமிப்புக் கணக்கும் தொடங்க வேண்டும், அதற்கு இந்தக் கிளையில் கணக்கு உள்ள ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஊரில் பாதிப் பேரை அறிமுகம் செய்தவளுக்கு அறிமுகம் செய்ய ஆளில்லை. அவளால் கணக்குத் தொடங்கியவர்கள் எல்லோரும் பழைய வங்கியில் இருந்தார்கள். விசாரித்ததில், லேக் மார்க்கெட்டில் அப்பளமும் காப்பிப் பொடியும் விற்கும் மருதமுத்துவுக்கு இங்கே நடப்புக் கணக்கு இருப்பது தெரிந்தது. கடையில் கூட்டம். மருதமுத்து ஒரு கையால் மிளகாய் நிறுத்துக்கொண்டே, அப்பளக் கட்டின்மேல் படிவத்தை வைத்து மறு கையால் போட்டுக் கொடுத்தார்.

“என்ன ஏதுன்னு படிக்காம போடறீங்களே” என்று வசுமதிக்குக் கோபம் வந்துவிட்டது.

“எழுபத்தொம்பதுல எனக்கு மொத அக்கவுண்டுக்கு நீங்க போட்டீங்களே மாமி, அன்னிக்குப் படிச்சீங்களா?” என்றார் மருதமுத்து.

2007 நவம்பரில் கார்டு வந்தது. சாம்பல் நிறம். அடுத்த பிரச்சினை, அதை எங்கே தேய்ப்பது என்பது. காய்கறிக்காரர், பூக்காரர், மருதமுத்து, பால், பேப்பர், எல்லாம் ரொக்கம்தான். கடைசியில் ராஷ்பிஹாரி முனையில் ஒரு மருந்துக் கடையில் மெஷின் இருப்பதைக் கண்டுபிடித்தாள். மஹாதேவனுக்கு ரத்த அழுத்தத்துக்கு மாதாமாதம் மாத்திரை உண்டு. எப்படியும் வாங்க வேண்டியது. அதை மட்டும் கார்டில் வாங்குவது என்று முடிவு செய்தாள். வேறு எதற்கும் அது பர்ஸிலிருந்து வெளியே வராது. மருந்துக் கடைக்காரர் முதலில், இத்தனை சின்னத் தொகைக்கு கார்டா மாஷிமா என்று அலுத்துக்கொண்டார். மூன்றாம் மாதத்திலிருந்து அவளைப் பார்த்ததும் அவரே மெஷினைத் துடைத்து வைத்தார்.

பில் வந்ததும் பழைய வங்கிச் செக்கில் தொகையை எழுதி, உறையில் போட்டு, மஹாதேவனிடம் கொடுப்பாள். அவர் பூ வாங்கப் போகும்போது கார்டு வங்கியின் பெட்டியில் போட்டுவிடுவார். ஒவ்வொரு மாதமும் எட்டாம் தேதி கெடு. ஒரு மாதமும் அதன் அருகில்கூடப் போனதில்லை. செக் பாஸ் ஆனதாகத் தெரிந்ததும் மஹாதேவன் மாத்திரையை எடுத்துக்கொண்டே, “என் ப்ரெஷர்லதான் உன் பேர் நிமிரறது” என்பார். அதனால் அது குறையாமல் பார்த்துக்கொள்ளும்படி வசுமதி சொல்வாள். அந்த வருஷம் முழுக்க அவர்களிடையே இருந்த பெரிய சிரிப்பு அதுதான். அக்டோபர் செக்கோடு வருஷம் நிறைகிறது. பூஜை விடுமுறை முடிந்ததும் ஃபைலை அனுப்புவதாகத் தத்தா சொல்லிவிட்டாள். ப்ரோமோட்டரின் ஆட்கள் கீழ்வீட்டில் ஏற்கெனவே கதவுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

நவமியன்று காலையில் சரஸ்வதி பூஜை நடந்தது. மணையில் புத்தகங்கள், அவற்றின்மேல் பட்டுத் துணி, சந்தனம், குங்குமம், பூ. வசுமதியின் சுருக்கெழுத்துப் பேனாவிலிருந்து வீட்டில் இருந்த அத்தனை பேனாக்களும் உள்ளே. அந்த வீட்டில் நவமியன்று யாரும் எழுதுவதில்லை, படிப்பதில்லை. மறுநாள் புனர்பூஜை ஆன பிறகுதான் எதையும் எடுக்கலாம். வசுமதி அதில் கண்டிப்பானவள். அலுவலகத்தில் நவமிக்கு விடுமுறை இல்லாத ஒரு பழைய வருஷத்தில், கை சுளுக்கு என்று சொல்லிக் குறிப்பெடுக்க மறுத்தவள்.

மத்தியானம் தாம்பூலத்துக்கு வந்தவர்களில் கடைசியாக வந்தவள் ஷியாமளா. தூத்துக்குடிப் பெண், கணவனுக்குத் துறைமுகத்தில் வேலை, இந்த ஊருக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. கொலுவைப் பார்த்து, பாட்டுப் பாடத் தெரியாது என்று வெட்கப்பட்டு, சுண்டல் சாப்பிட்டாள். சுண்டல் ரொம்ப நன்றாயிருக்கிறது என்றாள். மஹாதேவன் கடலையைப் பற்றிப் பேச ஆரம்பிக்குமுன் அவள் கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள்.

“மாமி, அவங்களுக்கு ஒரு பைக் லோன். ஊர்க்காரங்க ஒருத்தர் கையெழுத்து வேணுமாம். இங்க எங்களுக்கு யாரைத் தெரியும்? சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்னு சொன்னாங்க.”

வசுமதியின் கை வழக்கமாக அப்போது மேஜைமேல் பேனாவைத் தேடும். அன்று மேஜைமேல் பேனா இல்லை.

“இன்னிக்குப் பேனா தொடக்கூடாதும்மா” என்றாள்.

ஷியாமளா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, படிவத்தைக் குங்குமச் சிமிழுக்கு அடியில் வைத்துவிட்டு, வசுமதியை நமஸ்கரித்துவிட்டுப் போனாள்.

வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்த வசுமதி பெரிய மூச்சாக விட்டாள். தெருவில் பந்தலில் டாக் மேளம் தொடங்கியிருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, வருஷம் முடிந்துவிட்டது என்றும், செக் சனிக்கிழமையே பெட்டியில் விழுந்துவிட்டது, விழுந்த தேதிதான் கணக்கு என்றும், தத்தாவுக்கு விஜயதசமிக்குப் பிறகு ஒரு டப்பா மைசூர்பாகு கொண்டுபோக வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டே போனாள்.  மஹாதேவன் பட்டுத் துணி மூடிய புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த விதத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“ஏன்னா, செக்க பெட்டில போட்டேளா இல்லையா?”

அந்த மாதம் பில் கூரியரில் தாமதமாக வந்தது. பூஜைக் கூட்டத்தில் எல்லாமே தாமதம். சனிக்கிழமை காலை அவள் உறையைக் கொடுத்தாள். அவர் முதலில் கொலுவுக்குத் தாமரை வாங்கப் போனார். தாமரைக்கு வரிசை. வங்கிக்குப் போனபோது அரைநாள் முடிந்து ஷட்டர் இறங்கியிருந்தது, பெட்டி உள்ளே. மறுநாள் ஞாயிறு, அதன் பிறகு சப்தமியிலிருந்து தசமிவரை இந்த ஊரில் எந்த வங்கியும் திறக்காது. இதை வசுமதியிடம் சொல்ல நினைத்து நினைத்து, அஷ்டமி சாயங்காலம் புத்தகம் அடுக்கும்போது, உறையை எல்லாவற்றுக்கும் அடியில், சரஸ்வதியின் பொறுப்பில் வைத்துவிட்டார். ஒவ்வொரு வருஷமும் வைக்கும் செக் புத்தகம், பாஸ் புத்தகத்தோடு, இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த கிரெடிட் கார்டையும் அதே வங்கியின் ஏடிஎம் கார்டையும் கூடவே வைத்தார். அதன் பிறகு சமையலறைக்குப் போய்க் கடலையைக் களைய ஆரம்பித்தார்.

இதையெல்லாம் அவர் சொல்லி முடித்தார். அன்றைக்குத் தேதி எட்டு.

செக்கை இனி எடுத்துப் பயனில்லை. ஆனால் கார்டு வங்கியின் ஏடிஎம் மெஷினிலேயே பில்லைக் கட்டலாம் என்று தத்தா ஒருமுறை சொல்லிக் காட்டியது அவளுக்கு நினைவிருந்தது. கட்டாயத்துக்குத் தொடங்கிய அந்தச் சேமிப்புக் கணக்கில், குறைந்தபட்சம் என்று சொல்லிப் பிடித்துவைத்த பணம் சும்மா கிடந்தது. அதை அவள் எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள். பில்லுக்கு அதில் தாராளமாக இருக்கிறது. ஏடிஎம் கார்டுதான் வேண்டும். அது மணையில் இருந்தது.

அவள் எழுந்து கொலுவுக்கு முன்னால் போய் நின்றாள். கையை நீட்டவில்லை. மஹாதேவன் பின்னால் வந்து நின்றார்.

“புனர்பூஜை ஆகாம எடுக்கப்படாது வசு. நாளைக்குக் காலம்பற சீக்கிரமா முடிச்சுட்டுப் போலாமே. ஒரு நாள்தானே? தத்தாகிட்ட சொன்னா அவ புரிஞ்சுப்பா.”

“தத்தாக்குப் புரியும். மும்பைல யாருக்குப் புரியும்?”

“கலியாணமான நாள்லேந்து நவமியன்னிக்கு நீதான் என்னைப் பேப்பர்கூடப் படிக்க விட்டதில்ல.”

“ஆமாம்” என்றாள் வசுமதி.  கீழ்வீட்டில் எதையோ கழற்றிப் போடும் சத்தம் கேட்டது. பூஜை விடுமுறையிலும் ப்ரோமோட்டரின் ஆள் ஒருவன் வேலை செய்துகொண்டிருந்தான். அவள் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டாள். “நீங்க வெச்சது. நீங்களே எடுங்கோ.”

மஹாதேவன் கற்பூரத் தட்டை எடுத்தார். ஒரு வில்லை ஏற்றி, அவசரமில்லாமல் சுற்றிக் காட்டினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பட்டுத் துணியின் ஓரத்தை மட்டும் தூக்கி, ஒரு பூகூட விழாமல், விரலை நுழைத்து ஏடிஎம் கார்டை உருவி எடுத்தார். அதன்மேல் சந்தனமும் குங்குமமும் இருந்தன. இரண்டு கைகளாலும் பிரசாதத்தைக் கொடுப்பதுபோல் கொடுத்தார். அவளும் அப்படியே வாங்கிக்கொண்டாள்.

தெரு முழுக்கப் புதுத்துணி. மூங்கில் தடுப்புகளால் கூட்டத்தை ஒரே பக்கமாக விட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு தப்படியில் இருக்கும் ஏடிஎம்முக்கு ஊரைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. அங்கே வரிசை நின்றது. அவள் முறை வந்தபோது மெஷின் கார்டை இரண்டு முறை துப்பியது. புடவைத் தலைப்பால் குங்குமத்தைத் துடைத்துவிட்டு மறுபடி நுழைத்தாள். திரையில் வந்த ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் படித்தாள். படிக்கக்கூடாத நாளில் அவள் வாழ்க்கையிலேயே மிக நிதானமாகப் படித்தது அதுதான். தொகையை அழுத்தினாள். ஒரு சின்னச் சீட்டு வெளியே வந்தது. வெறுங்கையோடு அவள் திரும்புவதைப் பார்த்து, பின்னால் நின்ற ஆள் கவலையாக, “மாஷிமா, டாகா நேய்?” என்றார். பணம் தீர்ந்துபோயிற்றோ என்று அவருக்குப் பயம்.

“ஆச்சே, ஆச்சே” என்றாள் வசுமதி. இருக்கிறது, நிறைய இருக்கிறது. சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

மஹாதேவன் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். அவள் மாடியேறி வருவதற்குள் உள்ளே போய், வராந்தாவில் நிற்காதவர்போல் உட்கார்ந்துகொண்டார். அவள் கார்டை அவரிடம் நீட்டினாள். அவர் அதை எடுத்த இடத்திலேயே, அதே அடுக்குக்குள், துணியைக் கலைக்காமல் திரும்ப வைத்தார்.

“இதையும் வைங்கோ” என்று சீட்டைக் கொடுத்தாள். அதற்கும் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்துச் செருகினார்.

காப்பி போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். மாத்திரை சாப்பிட்டாரா என்று அவள் கேட்டாள். இன்னும் இல்லை என்றார். போய்ச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, குங்குமச் சிமிழை நகர்த்தி, அதற்கு அடியில் இருந்த ஷியாமளாவின் படிவத்தை எடுத்தாள். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலைப்பிலிருந்து தொடங்கிப் படிக்க ஆரம்பித்தாள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். இன்றைக்குப் படிக்கக்கூடாதே என்று மஹாதேவன் சொல்ல வந்தார். பட்டுத் துணிப் பக்கம் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டார்.

“அந்தப் பொண்ணு நாளைக்கு வருவா, வசு. தூத்துக்குடிலேந்து வந்து யாரையும் தெரியாது அதுக்கு.”

அவள் படிவத்தை மறுபடி முன்பக்கம் திருப்பினாள்.

“போடப் போறயா?”

தெருவில் மேளம் நின்று, வேறு எங்கோ தூரத்தில் இன்னொன்று கேட்டது. கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் ஜாமீன்தாரர் கட்ட வேண்டும் என்ற வரியில் வசுமதி விரலை வைத்திருந்தாள். விரல் நகரவில்லை.  மஹாதேவன் காலியான சுண்டல் பாத்திரத்தையும் குழவியையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.